மறைத்த கோடும் எடுத்த கோடும்

செமிலிங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையில், டயர் கடையை ஒட்டிய கொட்டகையில் தேவகி கார் கழுவும் கடை, அந்தப் பக்கத்துப் பேச்சில் காடி கழுவும் கடை, நடத்துகிறாள். சிடாம் கிரிப் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பல வருடம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே பறக்கும் தூள் ஒத்துக்கொள்ளாமல் விரல்கள் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்ததும் வேலையை விட்டாள். அவளோடு ஒரே வரிசையில் நின்ற பிரேமாவதியும், சூப்பர்வைசருடன் ஒரு சண்டையைப் போட்டு முடித்துவிட்டு, பின்னாலேயே வந்து சேர்ந்தாள். இருவரும் கழுவுவார்கள். பாலிஷ் மட்டும் தேவகியின் கையால்தான்.

கறுப்பு வண்டி வைத்திருப்பவர்கள் அவளைத் தேடி வருவார்கள். கறுப்புப் பெயிண்ட் வெயிலில் எதையும் ஒளித்து வைக்காது. சூரிய ஒளி விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள் தெரியும். தேவகி ஒரு வெள்ளை பாலிஷைத் துணியில் எடுத்துத் தேய்த்துத் துடைத்தால் வலை காணாமல் போகும். "கோடெல்லாம் எடுத்துட்டேன்" என்று சாவியைக் கொடுப்பாள். அப்படித்தான் அவளும் நம்பியிருந்தாள்.

ஜெயந்தினி சுங்கை பட்டாணியில் இடைநிலைப் பள்ளி ஆசிரியை. தம்பி அருணனின் கல்யாணத்தன்று மணப்பெண்ணைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போகத் தன் கறுப்புக் காரைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் முதல் முறை தேவகியிடம் வந்தாள். கார் கண்ணாடி மாதிரி திரும்பியது. மணப்பெண்ணின் வெள்ளைப் புடவை கதவில் பிரதிபலித்த படங்களைத் தேவகிக்கு அனுப்பியும் வைத்தாள்.

பிறகு மழைக்காலம். கார் சில தடவை கழுவப்பட்டது. ஒரு மதியம் ஜெயந்தினி பள்ளியிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, காரை வெயிலில் நிறுத்தினாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்க லா."

பானெட் முழுக்க வலை.

"புதுசா விழுந்திருக்கும் டீச்சர்."

"புதுசு இல்லக்கா. இந்தக் கைப்பிடிகிட்ட பாருங்க, இதே கோடு முன்னாடியும் இருந்துச்சு. நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். எடுத்துட்டேன்னு சொன்னீங்களே, போன கோடு எப்படித் திரும்பி வரும்?"

தேவகி அந்தக் கைப்பிடியருகே குனிந்து பார்த்தாள். அன்று காலைதான் இன்னொரு கறுப்பு வண்டிக்குப் பாலிஷ் போட்டு, உள்ளே நிழலில் நிறுத்தியிருந்தாள். ஸ்டிக்கர் பசையைத் துடைக்க வைத்திருந்த ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, அந்த வண்டியின் கதவில் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்தாள். விளக்கைக் காட்டினாள். துடைத்த இடத்தில் மட்டும் கீறல்கள் அப்படியே இருந்தன. சுற்றிலும் பளபளப்பு.

ஜெயந்தினி கோபப்படவில்லை. "அப்போ மேக்கப்தான் போட்டிருக்கு" என்றாள்.

"எனக்கே இப்பதான் தெரியுது டீச்சர்" என்றாள் தேவகி. எடுத்துட்டேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்று நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. "கொஞ்ச நாள் டைம் குடுங்க. ஒழுங்காக் கத்துக்கிட்டு உங்க காடிய நானே செஞ்சு தரேன்."

டயர் கடைக்காரர் மூலம் ஒரு பழைய பானெட் கிடைத்தது. சுழலும் பாலிஷ் இயந்திரம் ஒன்றை வாங்கினாள். போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பானெட்டின் மேல் பழகினாள். நிறத்துக்கு மேலே கண்ணாடிபோல ஒரு பூச்சு இருக்கிறது. கீறல் என்பது அந்தப் பூச்சில் விழுந்த பள்ளம். வெள்ளை பாலிஷில் இருந்த எண்ணெயும் மெழுகும் பள்ளத்தை நிரப்பி வைக்கும், அவ்வளவுதான். மழையும் சோப்பும் அதைக் கரைத்துவிடும். கீறல் உண்மையாகவே போக வேண்டுமானால், பள்ளத்தின் அடி வரைக்கும் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்க வேண்டும். அதற்கு வேறு மருந்து, வேறு பஞ்சு. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பூச்சு மெலியும். பானெட்டின் ஓரத்தில் ஆசைப்பட்டு அழுத்தியவள், நிறமும் போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்ததும் இயந்திரத்தை அணைத்தாள்.

கடைசியில் பானெட்டின் நடுவே ஒட்டுநாடா ஒட்டி, ஒரு பக்கத்தை மட்டும் சுத்தமாக எடுத்தாள். ஆல்கஹால் போட்டுத் துடைத்தும் கோடு வரவில்லை. பிரேமாவதி கை தட்டினாள். வழக்கம்போல அவளே அதைக் கழுவிக் காயவைத்தாள்.

மறுநாள் வெயிலில் பார்த்தபோது, எடுத்த பக்கத்தில் புதிய மெல்லிய கோடுகள் இருந்தன.

தேவகி ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்தாள். மண் வந்தது. டயர் விளிம்பைத் தேய்ப்பதும் அதே ஸ்பாஞ்சு, கதவைத் தேய்ப்பதும் அதே ஸ்பாஞ்சு, எல்லாவற்றுக்கும் ஒரே வாளி.

"நாமதான் கீறுறோம்" என்றாள்.

"நாமளா? பாலிஷ் உன் கை. கழுவுறது என் கை. நான்தான் கீறுறேன்னு நேரா சொல்லேன்."

"நானுந்தான் கழுவுறேன் பிரேமா."

"இத்தன வருஷமா குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு. இப்ப நான் காடியக் கெடுக்குறவளா?"

கையிலிருந்த குழாயைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க வரவில்லை. தேவகி தனியாகக் கழுவினாள். முதலில் தண்ணீரை வேகமாக அடித்து மண்ணை இறக்கினாள். சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொன்று. டயருக்கு வேறு துணி. வேலை இரட்டிப்பாகியது. காத்திருக்க முடியாமல் சிலர் திரும்பிப் போனார்கள்.

பிரேமாவதி ஒரு திங்கட்கிழமை வந்தாள். இரண்டு வாளிகளையும் பார்த்தாள். "தொடைக்கிறதுக்கு இந்தத் துணியா? இது சரிப்படாது. பாசார்ல பஞ்சு மாதிரி ஒண்ணு விக்கிறான்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வேனைக் கழுவப் போனாள். அதுதான் சமாதானம்.

ஜெயந்தினியின் காரை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்தாள் தேவகி. வலை போயிற்று. பின்கதவில் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு ஆழமான கீறல் இருந்தது. அதைத் தொடவில்லை. "இத எடுக்கணும்னா பூச்சு தாங்காது டீச்சர். இருக்கட்டும்" என்றாள். "கழுவக் கழுவத்தான் கோடு விழுது. உங்க காடியக் கெடுத்ததுல எங்களுக்கும் பங்கு இருக்கு" என்றும் சொன்னாள். ஜெயந்தினி தலையசைத்தாள். அடுத்த மாதமும் அங்கேதான் கழுவக் கொண்டுவந்தாள்.

சிக்கல் காளிதாசனிடமிருந்து வந்தது. பீடோங்கில் பழைய கார்களை வாங்கி விற்பவர். கடையின் பாதி வேலை அவருடையது. விற்கிற வண்டிக்கு வெள்ளை பாலிஷ் போதும் என்பார். தேவகியும் போட்டுக் கொடுப்பாள். அவரிடம் ஒரு நீல நிறக் காரைப் பார்த்த, யான் என்ற நெல்வயல் ஊரைச் சேர்ந்த ஒருவர், நெல் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர், வாங்குவதற்கு முன் தேவகியின் கடைக்கே வந்து கேட்டார்.

"பெயிண்ட்ல கோடே இல்ல, நீங்க எடுத்துட்டீங்கன்னு சொல்றாரு. உண்மையாம்மா?"

"எடுக்கல அண்ணே. மறைச்சிருக்கு. நாலஞ்சு மழைக்குத் தாங்கும்."

சாயங்காலமே காளிதாசன் வந்துவிட்டார்.

"ஏம்மா, நான் உனக்கு வேலை குடுக்குறேன், நீ என் கஸ்டமரத் தொரத்துறியா?"

"அவரு கேட்டாரு அண்ணே."

"எல்லாக் கடையிலயும் இதத்தானே போடுறான்!"

"போடுறது தப்புன்னு நான் சொல்லல. இன்னைக்கும் போட்டுத் தரேன். எடுத்துட்டேன்னு சொல்லச் சொல்லாதீங்க."

அவர் வண்டிகளை வேறு கடைக்கு அனுப்ப ஆரம்பித்தார். சில மாதம் கொட்டகை பாதி காலியாகவே கிடந்தது. முதலில் பயந்தது தேவகிதான். மறுபடி தொழிற்சாலைக்கு எழுதிப் போடலாமா என்றுகூட யோசித்தாள். பிரேமாவதிதான், "போனா உன் கை மறுபடியும் வெடிக்கும். பேசாம இரு" என்று அதட்டினாள்.

அந்த யான்காரர் நீலக் காரை வாங்கினார், கோடுகளோடு, பேரம் பேசித்தான். அறுவடை முடிந்ததும் சேறு அப்பிய தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். பிறகு அவருடைய ஊர்க்காரர்கள் வந்தார்கள். வயல் சேற்றை ஊறவைத்து இறக்குவது கடினமான வேலை, ஆனால் நிற்காமல் வந்தது.

போன தீபாவளிக்கு முன் காளிதாசன் ஒரு சிவப்புக் காரோடு வந்து இறங்கினார். தேவகி வெள்ளை பாலிஷ் போத்தலை எடுத்தாள்.

"அது வேணாம்மா. மெஷின்ல போட்டு எடுத்துரு."

"விக்கிற காடிக்கு எதுக்கு அண்ணே?"

"விக்கிறது இல்ல. வீட்டுக்காரம்மாவோடது."

பிரேமாவதி சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்குப் பின்னால் போனாள். தேவகி காரைச் சுற்றி வந்து, விரலால் ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். அவருக்கு முன்னால் நான்கு பிக்கப் நிற்கின்றன, நாளை மறுநாள்தான் முடியும் என்று சொல்லி, சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள்.