கஞ்சி மிஸ் பார்த்த காய்ச்சல்காரர்கள்

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரிந்த வேலை ஒன்று உண்டென்றால் அது டயட்டீஷன் வேலைதான். சாப்பிடத் தெரிந்த எவரும் அதை எனக்குப் படிப்பிக்கலாம். யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் அந்த வேலை பார்த்தேன். கதவில் 'போசாக்கு ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. வார்டில் என் பெயர் 'கஞ்சி மிஸ்'. ஒரு மழைக்காலம் வைரஸ் காய்ச்சல் பலருக்கு நெஞ்சுக்குள் இறங்கி, கட்டில்கள் நிரம்பின. நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுபோய்ச் சொந்தக்காரரிடம் ஏச்சு வாங்கியவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

பரம்பரையில் இல்லாத சீனி

கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் மூச்செடுக்க முடியாமல் வந்தார். இரண்டு பக்கமும் நிமோனியா. இரத்தத்தைச் சோதித்தால் சீனி எகிறிக் கிடந்தது. அதுவரை அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்ததே இல்லை. அவருடைய மனைவி, நாங்கள் ஏற்றிய சேலைனைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அதால இல்லை அம்மா. இப்பிடிக் கடும் காய்ச்சலில உடம்பு பயந்துபோய் ஈரலில இருக்கிற சீனியை இரத்தத்துக்குள்ள கொட்டும். இன்சுலின் சொல்லுறதையும் கேக்காது. கனபேருக்குக் காய்ச்சல் விட இதுவும் இறங்கும்" என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தார். "மிஸ், மகளுக்குக் கலியாணம் பேசுறம். சீனி எண்டு மட்டும் வெளியில சொல்லிப்போடாதேங்கோ. சாகக் கிடக்கிறார் எண்டு சொல்லுங்கோ, பரவாயில்லை."

முட்டைக்கு நேர்ந்தது

ரமணன் யாழ்ப்பாணத்துப் பெடியன், கிருலப்பனையில் மாமா வீட்டில் தங்கி வேலை பார்த்தவர். வந்தபோது உருண்டை முகம். ஒட்சிசன் கொடுத்தோம். காய்ச்சல் விடவில்லை, பசி அடியோடு போய்விட்டது. எரிக்க வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டால் உடம்பு சொந்தத் தசையைக் கரைத்து எரிக்கும். மூச்சு இழுக்கிற தசையையும் விடாது. முட்டை, மீன், பால் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொன்னேன். பெரிய டொக்டர் கட்டிலைக் கடந்து நடந்தபடியே "லைட் டயட்" என்றார். அதற்கு அர்த்தம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்.

நான் அனுப்பிய தட்டுகள் வெறுமையாகத் திரும்பின. எனக்குப் பெருமை. ரமணனோ வற்றிக்கொண்டே போனார். ஒரு மத்தியானம் சொல்லாமல் போய்க் கதவைத் திறந்தால், கட்டிலோரத்தில் மாமா, வாய்க்குள் பாதி முட்டை. ஆற அமர விழுங்கிவிட்டுத்தான் பேசினார். "கோவிக்காதேங்கோ தங்கச்சி, காய்ச்சல்காரனுக்கு முட்டை சூடு. எறிஞ்சால் உங்களுக்கு மனவருத்தமாயிருக்கும் எண்டுதான் நான் சாப்பிடுறன்."

படத்தில் இருப்பவர்

அதன்பிறகு நானே பக்கத்தில் இருந்து ஊட்டினேன். ரமணன் பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பிய அன்றே காலி ஊருக்குப் போகும் பெருவீதியில் இருந்த சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டையில் உருண்டை முகமும் மீசையும். எதிரே நின்றது எலும்பு, மீசையும் இல்லை. மாமா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். பெரிய டொக்டருக்கு அந்த நேரம் பார்த்து மீட்டிங் வந்துவிட்டது. நான் போனேன்.

பொலிஸ் நிலையத்தில் ரமணன் சுவரோர மர வாங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நிற்கக் காலில் தசை இல்லை. இருமினார், ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை. என் அடையாள அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம்தான், புலி என்று என்னையும் சந்தேகிக்க அது போதும். கடும் காய்ச்சலில் உடம்பு தன் இறைச்சியைத் தானே தின்னும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பொறுப்பதிகாரி படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, "மீசையையும் தின்னுமா?" என்று கேட்டார். ஒட்சிசன் முகமூடி இறுக்கமாகப் பொருந்த நாங்கள்தான் வழித்தோம் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரமணன் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து விசாரித்து, பின்னேரம் விட்டார்கள். அதிகாரி வாசல்வரை வந்து அன்பாகத்தான் சொன்னார்: "மிஸ், படத்தில இருக்கிற ஆள் மாதிரி வந்த பிறகு இவரை றோட்டில விடுங்க."

உடம்பு வைரஸோடு எப்படிச் சண்டை பிடிக்கும் என்று எனக்குப் படிப்பித்தார்கள். வென்ற பிறகு கொழும்பில் அது இன்னும் எத்தனை பேரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்பது பாடத்தில் இருக்கவில்லை.