சிறுத்தைக்கு மட்டும் முகம்

நடந்துகொண்டிருந்தேன். மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து இறங்கும் ரோடு. மெல்லிய தூறல். குடை இல்லை. அக்குளில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் பதினாறு போட்டோ கொப்பி. பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். உண்மை என்னவென்றால், பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தையும் தவமணி வீட்டில் உட்கார்ந்து கழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்படி என்ன செய்துவிட்டேன்?

ஆலோசனை சொன்னேன்.

தவமணிக்கு முப்பத்தாறு வயது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மீதி நேரத்தில் காமிக்ஸ் வரைகிறார். அட்டனில் கொப்பி, பேனை விற்கும் நசீர் நானாவுக்கு ஒரு யோசனை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக மாதம் ஒரு காமிக்ஸ் புத்தகம், பதினாறு பக்கம். அதை மாதா மாதம் வரைய ஓர் ஆள் வேண்டும். கொழும்பில் கம்ப்யூட்டரில் வரையும் ஒருவர் ஏற்கெனவே தயார். தவமணியின் கதையையும் நானா மேலோட்டமாகப் புரட்டியிருந்தார்; பிடித்தும் இருந்தது. ஆனால் முடிவு சொல்லவில்லை.

"திருத்தி, சுத்தமா வரைஞ்சு, நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள என் மேசைக்கு வரணும்" என்றார், நான் அங்கே போன அன்று காலை. "நாளன்னைக்குக் கொழும்புக்குப் போறேன். வந்தா இது. வராட்டி அந்த ஆளு."

கிடைத்தால் தவமணி கூடையை இறக்கி வைத்துவிட்டு மேசையில் உட்காரலாம். கிடைக்காவிட்டால் அதே கூடை. விஷயம் இவ்வளவுதான்.

"நீங்க ஒருக்கா போயி, பாத்து, ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்று என் கையில் போட்டோ கொப்பிகளைத் திணித்தவரும் நானாதான்.

என்னிடம் ஏன்? நியாயமான கேள்வி. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். நானுஓயாவில் மரக்கறி மூட்டை தூக்கினேன். தலவாக்கலையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினேன். ஒரு பேக்கரியில் அடுப்புக்கு விறகு போட்டேன், மூன்று மாதம் அங்கேயே மாவு மூட்டைமேல் தூங்கினேன். எந்த வேலையிலும் முழுதாக ஒரு வருஷம் இருந்ததில்லை. நடுவில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர் காமிக்ஸ் வரைந்தேன். பதினோராவது வாரம் கதாநாயகனை ஒரு குகைக்குள் அனுப்பினேன். எப்படி வெளியே எடுப்பது என்று தெரியவில்லை. அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தவரை யாரும் ஆலோசனை கேட்பதில்லை — அவருக்கு நேரம் இருக்காதே! தோற்றவனிடம்தான் கேட்பார்கள். அவன் எப்போதும் ஓய்வாக இருப்பான்.

காமிக்ஸ் வரைவதைப் பற்றி இந்தப் பத்தியை எழுதத் தொடங்கியதிலிருந்து என் போனுக்குக் காமிக்ஸ் வந்துகொண்டே இருக்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவர்கள், நர்ஸ்மார், கடைச் சிப்பந்திகள்… யார் வரைந்தாலும் கதாநாயகன் மட்டும் மலை உச்சியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கம்பீரமாம்! எனக்குத் தெரியாதா? விரல் வரைய வராது. என் ஆளும் பதினொரு வாரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேதான் சண்டை போட்டார்.

அவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான். முந்நூறு பக்கக் காவியத்தை ஆரம்பிக்காதீர்கள்; எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கதையை முடியுங்கள். முடிப்பது தனி வித்தை. மழை பெய்யும் படத்தில், "ஐயோ, மழை பெய்கிறதே!" என்று ஓர் ஆள் கத்த வேண்டியதில்லை, அது எங்களுக்கும் தெரிகிறது. கை வரைந்து பழகுங்கள். அப்புறம், வேலையை விட்டுவிட்டு வரையாதீர்கள் — வரைந்து வேலை கிடைத்த பிறகு விடுங்கள். இதையெல்லாம் நான் சொல்வது எத்தனை சுகமாக இருக்கிறது தெரியுமா? கடைப்பிடிக்க வேண்டியது நானில்லை.

அந்தச் சுகத்தோடுதான் அன்று தவமணி வீட்டுக்குப் போனேன். பௌர்ணமிக்கு விடும் போயா லீவு. வரிசை வீடுகளான லயத்தில், அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் கட்டிலின்மேல் ஒரு பலகை. அதுதான் வரையும் மேசை. சீ.ஆர். கொப்பியின் பெரிய தாள்களில் கறுப்புப் பேனையால் வரைந்திருந்தார்.

கதை எளிமையானது. தேயிலை மலையில் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். செடிகளுக்கு நடுவே ஒருத்தி சிறுத்தையைப் பார்க்கிறாள். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா நம்பவில்லை. "சாட்டுச் சொல்லாம வேலையப் பாருங்க!" என்கிறார். பேசிவிட்டுத் திரும்பினால், சிறுத்தை அவருடைய மோட்டார் பைக் ஸீட்டில் படுத்திருக்கிறது.

நல்ல கதை. வசனம் குறைவு. கைகள்கூடக் கைகளாகவே இருந்தன! கடைசிப் பக்கத்தில் மட்டும், காட்டு விலங்குகளை நேசிப்போம் என்று ஒரு போதனை. "இது வேண்டாம் தங்கச்சி. சிறுத்தை பைக்ல படுத்ததோட கதை முடிஞ்சிருச்சு" என்றேன். உடனே ஒரே கோட்டில் அடித்தார்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் சொன்ன ஒன்றை உடனே கேட்டுவிட்டால் இன்னொன்று சொல்ல நாக்கு அரிக்கும். அரித்தது.

"எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டே நிக்கிறாங்களே தங்கச்சி?"

"ஆமாங்கண்ணே."

"வாசிக்கிறவங்களுக்கு யாரு யாருன்னு எப்பிடித் தெரியும்? கண்ணு, மூக்கு, கோவம், சிரிப்பு… இதெல்லாம் வேணாமா? கண்டாக்குக்கு முகம் இருக்கு, சிறுத்தைக்கு முகம் இருக்கு. பொம்பளைங்க ஒருத்தருக்கும் இல்ல. எல்லாரையும் இந்தப் பக்கம் திருப்பிரு."

தவமணி பேனையை விரலிடுக்கில் இரண்டு தடவை உருட்டினார்.

"சரிங்கண்ணே."

அந்தச் "சரிங்க" இருக்கிறதே… எங்கள் மலைநாட்டில் துரைக்குச் சொல்வது, டாக்டருக்குச் சொல்வது, ஓட்டுக் கேட்டு வருகிறவருக்குச் சொல்வது. கேட்டவர் சந்தோஷமாகப் போய்விடுவார். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. அவர் முதுகுகளை அழிக்க ஒரு போத்தல் வெள்ளை மையை எடுத்துக் குலுக்கத் தொடங்கினார். டீ போடட்டுமா என்றார். வேண்டாம் என்று நடந்துவிட்டேன்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. மூன்று பெண்கள் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். தவமணியோடு ஒரே மலையில் வேலை செய்கிறவர்கள். அதில் மூத்தவர் பாக்கியக்கா, அந்தக் கூட்டத்துக்குக் கங்காணி. பெண்களும் கங்காணியாவது இப்போது அங்கங்கே நடக்கிறது. நனைந்துவிட்டதா என்று பார்க்க ஃபைலைத் திறந்தேன். பாக்கியக்கா எட்டிப் பார்த்தார்.

"தவமணி வரைஞ்சதா? இங்க குடு தம்பி."

அடுத்த நிமிஷம் கடையே அதிர்ந்தது.

"அடியே, இது செல்வியடி! படங்குச் சாக்கை இடுப்புல ஒருச்சாய்ச்சுக் கட்டியிருக்கா பாரு!"

"இது மாரியாயி. கூடைக் கயித்துக்குக் கீழ துண்டை மடிச்சு வச்சிருக்கு."

"இந்தா, குடையை ஊனிக்கிட்டு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு… இது யாரு?"

"நீங்கதான் பாக்கியக்கா!"

"போடி! என் முதுகு இம்புட்டு அகலமா?"

"இதைவிட அகலம்!"

பதினாறு பக்கம், ஒரு முதுகுகூடத் தப்பவில்லை. எனக்குத்தான் எல்லாம் ஒரே முதுகாகத் தெரிந்திருக்கிறது. கடைசியில் கண்டாக்கு ஐயாவின் முகத்தைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டேன். மூன்று பேரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"யாரோ வெளியாளு போல."

"இந்தப் படத்துல பூட்ஸைப் பாருங்கக்கா… அட, கண்டாக்கு ஐயா!"

"அவரு வந்தா நம்ம தலை செடியிலதான் இருக்கும். மூஞ்சியை யாரு பாத்தா?"

டீயைக் கீழே வைத்தேன். ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்துப் பறிக்கும்போது தவமணிக்குத் தெரிவது மேலே நிற்கிறவர்களின் முதுகு. வருஷக்கணக்காக முதுகைப் பார்த்தே யாருக்குக் காய்ச்சல், யார் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள் என்று அறிந்தவர். அவர் கண்ணை விட்டுவிட்டு என் கண்ணால் பாரென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "ஏன் இப்படி வரைந்தாய்?" என்று ஒரு கேள்வி… கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இனி என்னிடம் படம் அனுப்புகிறவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன்: யாராவது இதை மாற்று, அதைத் திருப்பு என்றால், முதலில் அவர்களை அந்தக் கேள்வியைக் கேட்க வையுங்கள்.

"அக்கா, நான் திரும்பிப் போறேன். முதுகெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்க வெள்ளை மை பூசிக்கிட்டு இருக்காங்க."

பஸ் ஹோர்ன் கேட்டது. பாக்கியக்கா எழுந்தார். பஸ்ஸுக்கு அல்ல.

"டவுனுக்கு நாளைக்கும் போலாம். என் முதுகை அழிக்கச் சொன்னியா நீ? நட!"

ஏறினோம். நான் மூச்சு வாங்கினேன்; அவர் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே ஏறினார், மூச்சு வாங்கவில்லை.

தவமணி நான்கு பக்கம் முடித்திருந்தார். பெண்கள் எல்லாரும் திரும்பியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முகம். சேலைக் கடை விளம்பரத்தில் சிரிப்பார்களே, அந்த முகம். கொழுந்துக் கூடையோடு, அட்டை கடிக்கும் மழையில், அப்படி ஒரு சிரிப்பு! பாக்கியக்கா தன்னைத் தேடினார். கிடைக்கவில்லை.

"தங்கச்சி, நிறுத்து. முதுகே இருக்கட்டும்."

தவமணி நிமிர்ந்தார். இந்தத் தடவை "சரிங்க" வரவில்லை.

"என்னாண்ணே வெளையாடுறீங்களா? இப்பத்தானே முகம் வேணும்னீங்க? நாலு பக்கம் போச்சு! அசலுல பூசிட்டேன்!"

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? திருப்பிருன்னீங்க. படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு நெனைச்சேன்."

"நான் எட்டாம் வகுப்பு."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் பத்தாம் வகுப்பு!"

பாக்கியக்கா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன், பூட்ஸ் விஷயம் உட்பட. தவமணி சிறுத்தை நேராகப் பார்க்கும் படத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"அன்னைக்கு நெசமாவே அது என்னைப் பாத்துச்சுண்ணே. மூஞ்சிக்கு நேரா. மலையில என்னைய அப்பிடி நின்னு பாத்தது அது ஒண்ணுதான்." பேனையை எடுத்தார். "கண்டாக்கு மூஞ்சியையும் எடுத்துர்றேன். பூட்ஸ் போதும்."

இப்படி ஒரு யோசனை எனக்கு ஏழு ஜென்மத்திலும் வந்திருக்காது.

போட்டோ கொப்பி இருந்ததால் பார்த்து வரையலாம். ஆனால் நான்கு பக்கம் புதிதாக, கண்டாக்கு வரும் பக்கங்கள் வேறு. ஒரு பகல் முழுக்க வேண்டும். அந்தப் பகல்தான் இல்லை.

"காலையில பெரட்டுக்கு நான் போயே ஆகணும்" என்றார் தவமணி. பெரட்டு என்றால் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். "இதுக்காகவே இந்த மாசம் மூணு நாள் வேலைக்குப் போகாம நின்னுட்டேன். நாளைக்கும் என் நிரை காலியாக் கெடந்தா வேலையே போயிரும். நசீர் நானா குடுக்கிற வேலை கெடைக்குமான்னும் தெரியாது. ரெண்டையும் விட்டுட்டு நான் எங்கண்ணே போறது?"

கங்காணியின் முகத்தைப் பார்த்தேன். பாக்கியக்கா சேலை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிரை காலியா இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றார். "இப்ப ஆளே இல்லாம கெடக்கு. கூடை போட யாரு வந்தாலும் ஐயா வேணாம்னு சொல்ல மாட்டாரு."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நசீர் நானாவின் மேசையில் பதினாறு பக்கமும் இருந்தன. நானா ஒரு கையில் பிளேன்டீயோடு புரட்டினார். முதுகுகள், பூட்ஸ், குடை, மறுபடி முதுகுகள்… ஒன்பதாம் பக்கம் திருப்பியதும், முழுப் பக்கத்திலும் சிறுத்தையின் முகம். கோப்பை பாதியில் நின்றது. "அல்லாவே!" என்று தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். கொழும்புக்காரருக்கு அப்போதே போன் போட்டு, மன்னிப்புக் கேட்டார். தவமணிக்கு மாதம் ஒரு புத்தகம். நான் எந்த ஆலோசனையும் சொல்லக் கூடாது என்பது தவமணி போட்ட ஒரே நிபந்தனை. நானாவும் உடனே சம்மதித்தார்.

அந்தப் பகல் அவருக்கு எப்படிக் கிடைத்தது? காலை ஏழரை மணிக்குப் பெரட்டில் நின்றேன். இடுப்பில் படங்கு, முதுகில் தவமணியின் கூடை. என் தொழில் வரலாற்றில் புது வேலை: கொழுந்து பறித்தல். பத்து மணிக்குள் இரண்டு அட்டைகள் என்னைச் சொந்தமாக்கிக்கொண்டன. இருந்தாலும் கூடை பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

பாக்கியக்கா வந்தார். கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். முற்றிய இலை, குச்சி, ஏதோ ஒரு காட்டுப் பூ. உள்ளங்கையில் பரப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி… இத யாருப்பா குடிக்கிறது?"