மேய்ப்பர் பாட்டில் ஒன்பது வினாடி

குழாய் ரிப்பேர்க்காரரை சபைப் பாடகர் குழுவில் எல்லோரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் அவர் அவசரக்காரர் இல்லை. காலையில் வருகிறேன் என்று சொன்ன வீட்டுக்குச் சாயங்காலம் போய், ஸ்பானரை மறந்துவிட்டேன் என்று திரும்பி வருகிற ஆள். மேய்ப்பர் பாட்டில் மட்டும்தான் அவருக்கு அவசரம்.

அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டை எழுதியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆடு மேய்த்தவர் எழுதினார் என்றார் ஒருவர், கப்பலில் வந்த மாலுமி என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்ட சங்கதி ஒன்று உண்டு. “மந்தை காப்போரே எழும்புங்கள்” என்று பாடிவிட்டு, ஒன்பது வினாடி வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். அதற்குப் பிறகுதான் “வெளிச்சம் வந்ததே”.

அவசரத்துக்கு ஒன்பது வினாடி தாங்காது. மூன்றாவது வரிசை இடது ஓரத்தில் நின்றபடி, இருபத்திரண்டு வருஷமாக ஐந்தாவது வினாடியில் “வெளிச்சம்!” என்று தனியாகக் கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்வார். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஒருத்தி அவர் பெண்சாதி. அவள் திரும்பமாட்டாள். கழுத்து மட்டும் சிவக்கும்.

இந்த வருஷம் பாட்டைப் பதிவு செய்வதாக ஏற்பாடு. பாட்டு வாத்தியார் பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில் பாலிசி விற்பவர். சாவைப் பற்றிப் பேசிப் பேசி, எதையும் உருக்கமாகச் சொல்லப் பழகியவர். பதிவோடு சேர்த்து அச்சடிக்கப் பன்னிரண்டு பக்கத்தில் முன்னுரை எழுதியிருந்தார். அதில் ஏழு பக்கம் அந்த மௌனத்தைப் பற்றி. மீட்பருக்காக மனுக்குலம் காத்திருந்த காலமெல்லாம் அந்த ஒன்பது வினாடிக்குள் அடக்கம் என்று கண்டிருந்தது.

ஒத்திகையில் அவசரம் வழக்கம்போல ஐந்தாவது வினாடியில் மௌனத்துக்கு நடுவில் விழுந்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணே, மனுக்குலமே காத்துக்கிட்டு நிக்குது. உங்களுக்கு மட்டும் என்ன பஸ் போயிடுமா?”

“மூச்சு முட்டுது சார்.”

“அடுத்த சனிக்கிழமையும் இப்படி விழுந்தா, பதிவு அன்னைக்கு நீங்க வீட்லயே இருங்க. மனசுல வச்சுக்காதீங்க.”

மனசில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? அந்தக் குழுவைத் தவிர அவருக்குக் குளித்துவிட்டுப் போக வேறு இடம் கிடையாது. மற்ற இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்துதான் குளிப்பார்.

மௌனத்தைக் கேட்டுப் பழகட்டும் என்று வாத்தியார் பழைய பதிவுகள் பதினொன்றை எல்லோருடைய போனுக்கும் அனுப்பியிருந்தார். ஒரு வீட்டு சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அடைப்பை எடுத்துக்கொண்டே அவசரம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக வந்த பதிவில் ஒன்பது வினாடி. அதற்கு முந்தியதில் ஏழு. டிரம்ஸ் போட்டு இளைஞர்கள் பாடியதில் ஆறு. அந்த ஆறு வினாடியும் டிரம்ஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது கேட்காமலே தெரிந்தது. பின்னால் போகப் போக ஐந்து, நாலு, மூன்று. எல்லாவற்றுக்கும் மூத்த, கரகரவென்று கீறல் விழுந்த பதிவில் இரண்டே வினாடி.

அதில் இன்னொன்றும் கேட்டது. மௌனத்துக்கு முன்னால் ஆர்கன் சத்தம் சட்டென்று நிற்கவில்லை, தொய்ந்து இறங்கியது. அவசரம் எழுந்த வேகத்தில் தொட்டியில் மண்டையை இடித்துக்கொண்டார். மோட்டாரை நிறுத்தினால் குழாயில் தண்ணீர் இப்படித்தான் இறங்கும். மனுக்குலமாவது காத்திருப்பதாவது! ஆர்கனுக்குக் காற்று போகவில்லை.

வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் போனை நீட்டினார். அந்தப் பதிவு நடந்தபோது அவளுக்குப் பதினாலு வயசு, குழுவில் பாடியவள்.

“அத்தை, இந்த இடத்துல ஏன் நிறுத்துனீங்க?”

“நாங்க எங்க நிறுத்துனோம்? பின்னால துருத்தி அமுக்குற ஆளுக்கு ஜலதோஷம். கையை விட்டுட்டு மூக்கைச் சிந்துனான். காத்து போச்சு, ஆர்கன் படுத்துக்கிச்சு. அவன் சிந்தி முடிக்கிற வரைக்கும் நின்னோம்.”

“திரும்ப எடுக்கலையா?”

“பதிவு பண்ண வந்தவங்க கொண்டுவந்ததே ஒரே ஒரு இசைத்தட்டு.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“யாரு கேட்டீங்க மாப்பிள்ளை?”

சனிக்கிழமை மாமியாரையே ஒத்திகைக்குக் கூட்டிப்போனார். பாட்டில் மௌனமே கிடையாது, அதனால் நான் விழுந்ததும் விழுந்ததில்லை என்பது அவர் கட்சி. மாமியார் எழுந்து நின்று கோர்ட்டில் சொல்வதுபோலச் சொல்லி முடித்தாள். வாத்தியார் முகம் முதலில் வெளுத்தது. பாதி முன்னுரை அச்சாகிவிட்டது. ஆனால் பாலிசி விற்கிற வாய் சும்மா இருக்குமா?

“கேட்டீங்களா! மூலப் பதிவுலயே மௌனம் இருந்துச்சுன்னு அம்மாவே சாட்சி சொல்றாங்க. இனிமே இதுல கை வைக்க நமக்கு உரிமையே இல்லை.”

“அப்ப மூக்கு சிந்துனதும் மூலத்துல இருக்கே சார்?” என்றது முன்வரிசை. அவசரத்தின் பெண்சாதி. இந்த முறையும் திரும்பவில்லை.

மூலத்துக்கு உண்மையாக இருப்போம் என்று வாத்தியார் முன்னுரையில் மூன்று இடத்தில் எழுதியிருந்தார். ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு மூக்குச் சிந்தலும் பாட்டில் சேர்ந்தது. யார் சிந்துவது என்று பேச்சு வந்ததும் எல்லாத் தலையும் மூன்றாவது வரிசை இடது ஓரத்துக்குத் திரும்பியது.

“சிந்துறேன். ஆனா சிந்திட்டுப் பாடவும் செய்வேன். சம்மதம்னா சொல்லுங்க” என்றார் அவசரம்.

வாத்தியாருக்கு வேறு வழியில்லை.

பதிவு அன்று “எழும்புங்கள்” முடிந்தது. அவசரம் கைக்குட்டையை எடுத்துச் சிந்தினார். அடைத்த சாக்கடை ஒரே மூச்சில் திறந்துகொண்ட மாதிரி ஒரு சத்தம். பாடகர் குழு மொத்தமும் உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கியது. வாத்தியார் ஒன்பதாவது வினாடியில் கையை வீசினார். ஒருவராலும் வாயைத் திறக்க முடியவில்லை. கைக்குட்டையை நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்து, மேலே தட்டிவிட்டதில் அவசரத்துக்கு மட்டும் நேரம் கச்சிதமாகப் போயிருந்தது. கனத்த குரலில், தன்னந்தனியாக, “வெளிச்சம் வந்ததே” என்று பாடினார். மற்றவர்கள் அடுத்த வரியில்தான் வந்து சேர்ந்தார்கள்.

மறுபடி எடுக்கலாம் என்றார் வாத்தியார். பதிவுக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“இதைவிட நல்லா வராது சார். அந்த ஒத்தைக் குரல் உடம்பைச் சிலிர்க்க வைக்குது.”

ஒத்தைக் குரலைப் பற்றி முன்னுரையில் இரண்டு பக்கம் கூடியது. இருளில் தனித்து நின்ற மேய்ப்பனின் சாட்சி அது என்று கண்டிருந்தது. பத்து நாள் கழித்து வேறொரு சபையின் பாட்டு மாஸ்டர் போன் செய்தார். அவசரம் ஒரு குளியலறையில் ஷவரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயா, அந்தத் தனிக்குரலை நாங்களும் சேர்க்கலாம்னு இருக்கோம். அது எந்தக் காலத்து மரபுங்க?”

அவசரம் ஷவரைக் கீழே வைத்தார். யாரும் அவரிடம் பாட்டைப் பற்றி இதுவரை யோசனை கேட்டதில்லை.

“அதெல்லாம் ரொம்பப் பழசு தம்பி. அடித்தொண்டையில பாடணும். நான் வேணா வந்து சொல்லித்தரேன். எத்தனை மணிக்கு வரட்டும்?”

“ஆறு மணிக்கு.”

அவர் ஐந்தரைக்கே போய் நின்றார்.