பிறைக் கணக்கில் சிக்கிய கஞ்சி

கணவனின் கடையை ஹபீபா நேரில் பார்த்ததில்லை. வளைகுடாப் பெருநகரம் ஒன்றின் சந்துக்குள் அப்துல் சலாம் நடத்திய சாப்பாட்டுக் கடை, அவளுக்குப் போட்டோவில் வந்த ஒரு கல்லாவும் நாலைந்து மேசைகளும்தான். ஆனாலும் 2006-இல் அந்தக் கடை பிழைக்குமா என்ற கவலை, லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பாடம் எடுக்கக் கிளம்பும்போதெல்லாம் அவளோடு பஸ் ஏறியது.

அந்த நகரத்தில் சுகாதார அதிகாரிகள் கடைகளைச் சோதித்துத் தரம் போடுவார்கள். சலாம் கடைக்குக் கடந்த இரண்டு வருடமும் கடைசித் தரம். மூன்றாவது முறையும் அதே என்றால் சீல். கடை போனால் விசாவும் போகும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டியதுதான்.

சலாம் அதிகாரியைச் சந்தேகப்பட்டான். பக்கத்துக் கடைக்காரன் அவர் காதில் ஏதோ ஓதிவிட்டானாம். மேலிடத்துக்கு மனு கொடுக்கப் போவதாகவும், சோதனை விவரம் முழுக்க நகராட்சி இணையதளத்திலேயே கிடப்பதால் அவள்தான் ஆதாரம் எடுத்துத் தரவேண்டும் என்றும் போனில் சொன்னான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லித் தருபவளுக்கு இது ஒரு வேலையா என்று வேறு கேட்டான்.

வகுப்பு முடிந்ததும் அவள் நகரத்துக் கடைகள் அத்தனையின் விவரத்தையும் இறக்கி, எக்செல்லில் அதிகாரி வாரியாகப் பிரித்தாள். சலாம் பழித்த ஆள் மற்றவர்களைப் போலத்தான் தரம் போட்டிருந்தார். மாத வாரியாகப் பிரித்தபோது குழப்பம் வந்தது. கொளுத்துகிற ஜூன், ஜூலையில் தேறிய கடைகள் அக்டோபர், நவம்பரில் சரிந்திருந்தன. ‘உணவில் சூடு போதாது’ என்பதே திரும்பத் திரும்பக் காரணம். வெயில் தணிகிற மாதத்தில் அப்படி என்ன வந்தது?

ஒரு சாயங்காலம், நோன்பு என்றைக்குத் தொடங்குகிறது என்று பார்க்க சென்டர் சுவரிலிருந்த தினசரி காலண்டரைப் புரட்டினாள். தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் பிறை, இஸ்லாமிய மாதக் கணக்கு. விரல் அங்கேயே நின்றது.

ஆங்கிலத் தேதிகளை, வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிற பிறைத் தேதிகளாக மாற்றிப் பார்த்தாள். சரிவு முழுக்க ரமலானுக்குள் போய் உட்கார்ந்தது. அதிலும் பிற்பகல் அஸர் தொழுகைக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் நடுவில். சலாம் கடையின் இரண்டு சோதனையும் அங்கேதான் கிடந்தன.

நோன்பு திறக்க முன்கூட்டியே ஆக்கி வைப்பதுதான் ஆறிவிடுகிறது. சலாம் கடையில் அது கஞ்சி. ஊர்ப் பள்ளிவாசலில் மதியமே காய்ச்சி இறக்கி மூடி வைப்பார்கள். சலாமும் நோன்பாளிகளுக்குச் சும்மா ஊற்றுகிற கஞ்சியைப் பெரிய தேக்சாவில் அப்படித்தான் காய்ச்சினான். அது அவனுக்குப் பெருமை. நோன்பு வைத்தவன் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. ஆறிப்போனது அவனுக்கு எப்படித் தெரியும்?

போனில் இதைச் சொன்னதும் சலாமுக்குக் கோபம் வந்தது.

“காலங்காலமா நம்மூர்ல இப்படித்தான் காச்சுறோம். யாரு வயித்தால போயிக் கெடந்தா?”

“நம்மூர்ல சூடு பாக்க ஆளு வரல மச்சான்.”

“நன்மை செய்யறதக் குத்தம்ங்குதா உன் கம்ப்யூட்டரு?”

“சூடாச் செய்யுங்கன்னுது. மனு கினு எழுதிராதீங்க. அஸர் தொழுதுட்டு காச்சுங்க. அடுப்ப விட்டு எறக்காதீங்க, சின்னத் தீயில கெடக்கட்டும்.”

போனை வைத்துவிட்டான். அதன்பிறகு பல நாள் பேச்சில்லை. அவன் கேட்டானா, மனுவை எழுதிவிட்டானா என்று தெரியாமல், நோன்பு தொடங்கியதும் அவள் சென்டரில் காலையில் முதல் வேலையாக நகராட்சி இணையப் பக்கத்தைத்தான் திறந்தாள். ரமலான் பாதி கழிந்த ஒருநாள் கடையின் பெயர் வந்தது. கடைசித் தரமில்லை, இரண்டாம் தரம். சூட்டில் குறையில்லை. கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

அன்றைக்கே சலாம் கூப்பிட்டான். மனுவைப் பற்றிப் பேச்சே இல்லை.

“அந்தாளுக்கு நோன்பு மாசத்துல மனசு எளகிருச்சு போலருக்கு.”

கஞ்சியை எப்போது காய்ச்சினான் என்று ஹபீபா கேட்கவில்லை.

“சோப்பு வாங்கி வைங்க மச்சான். அதையுமா நான் இங்கேருந்து பாக்கணும்?”