எட்டு பர்சென்ட் உப்பு

அப்பாவின் மோட்டார் சைக்கிள் நான்கு வருடம் வீட்டுக்குப் பின்னால், பாத்ரூம் சுவரை ஒட்டி, தார்ப்பாய்க்குள் நின்றிருந்தது. நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம் யாரிடமிருந்தோ பழையதாக வாங்கித் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் அவர் வேலை செய்த தோல் பதனிடும் டேனரியில் ஆட்களை ஏற்றிப்போக வேன் விட்டார்கள். வண்டி ஓரம் போனது. ஆர்சி முடிந்ததுகூட வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது போன வருடம்தான். ஆம்பூரில் இருந்த அந்த டேனரியில் ஈர வேலையை, அதாவது பச்சைத் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கிப் பதமாக்கும் பகுதியை, மொத்தமாக மூடிவிட்டார்கள். அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது. பேரணாம்பட்டு ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு டேனரியில் கேட்டுக் கேட்டு, தோலைச் சுழற்றும் டிரம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காலை ஆறு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். முதல் பஸ் போய்ச் சேர்வதே ஆறே காலுக்கு. கூட வேலை பார்த்த ஒருவர் தன் வண்டியின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். அவரும் தை முடிந்ததும் ஓசூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். மூன்று முறை லேட் என்றால் நாலாம் முறை வரவேண்டாம் என்பது அந்த கேட்டின் சட்டம். அந்த வயதில் இன்னொரு டேனரி கூப்பிடாது. ஆகவே தை முடிவதற்குள் அப்பாவுக்கு ஒரு வண்டி வேண்டும்.

கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கிவந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கால் இரண்டுக்கும் வேலை இல்லாமல் தவித்து, தெருமுனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இது எனக்கு வராது. அது வரும்" என்று தார்ப்பாயைக் காட்டினார்.

நான் லெதர் டெக்னாலஜி டிப்ளமோ. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. தையலை நாளெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அந்த வேலை. ஷிப்மென்ட் வந்துவிட்டால் ஞாயிறும் கிடையாது. அந்த மாதங்களைப் பற்றி எனக்கு நினைவிருப்பது பெரும்பாலும் அசதிதான். கிடைத்த ஞாயிறுகளில் வண்டியைப் பிரித்தோம். நட்டு ஒவ்வொன்றும் துருவில் வேர் விட்டிருந்தது. ஒரு போல்ட்டுக்கு ஒரு காலை நேரம் போனது. என்ஜினை மட்டும் கழற்றிக் கோணியில் சுற்றி, பஜார் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனோம்.

பாய் கோணியை விலக்கிப் பார்த்தார். "இன்னா தம்பி, காயலான் கடைக்குப் போற வழியில தப்பி வந்துட்டியா?" என்றார்.

ஆனாலும் எடுத்துக்கொண்டார். சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டார். ஆயில் சீல் எல்லாம் மாற்றினார். பழைய பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம், ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கினால் ஹெட்லைட்டில் வழி தெரியும் என்று நான் சொன்னேன். விடியுமுன் போகிற ஆளுக்கு அது வேண்டும். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பாயின்டே இல்லாமல் நெருப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டார். பாய் என்னைக் கை காட்டினார், படித்தவன் இருக்கும்போது தன்னை ஏன் கேட்க வேண்டும் என்று. காந்தம், காயில் என்று தெரிந்த அளவில் நானும் சொன்னேன். அப்பா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "சரி, நீ சொன்னா சரி" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது.

பெட்ரோல் டேங்க்தான் மீதி இருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் தரை போலத் துரு. குலுக்கினால் பொலபொலவென்று உதிர்ந்தது. பாய், துருவை எடுக்க ஆசிட் விட்டுக் கழுவலாம், ஆனால் கவனமாகச் செய்யவேண்டும் என்றார். அதற்கு அப்பா, ஆசிட் வேலையெல்லாம் தன்னிடம் விட்டுவிடச் சொன்னார். இருபத்தெட்டு வருடம் ஆசிட்டோடு வேலை செய்தவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? நானும் மறுக்கவில்லை. எனக்கு ஒரு ஞாயிறு மிச்சம் என்றுதான் தோன்றியது.

அந்த வாரம் ஷிப்மென்ட். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆட்கள் வந்திருந்தார்கள். நிராகரித்த ஜோடிகள் அட்டைப்பெட்டியில் இடுப்பு உயரத்துக்கு நின்றன. அப்போது அப்பா போன் செய்தார். வேலை நேரத்தில் போன் செய்யும் வழக்கம் அவருக்குக் கிடையாது. பயந்து எடுத்தேன்.

"பிக்கிளுக்கு உப்பு எவ்ளோடா?" என்றார்.

"எட்டு பர்சென்ட். ஆசிட் ஒண்ணு."

"அது தோல் எடைக்கு. இங்க தோலே இல்லியே. எத வெச்சு கணக்கு போடறது?"

"தண்ணிய வெச்சுப் போடுப்பா."

"அப்ப தண்ணிக்கு எட்டு."

"ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தோல் வேலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மயிர் நீக்கிய தோலைப் பதமாக்கும் குரோம் கரைசலில் போடுமுன் ஆசிட் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அதற்குப் பிக்கிள் என்று பேர். வெறும் ஆசிட்டில் போட்டால் தோல் பலூன் மாதிரி உப்பிக் கெட்டுவிடும். அதனால் முதலில் உப்பு, பிறகுதான் ஆசிட். உப்பில்லாமல் ஆசிட்டைத் திறப்பவனை எந்த டேனரியிலும் உள்ளே விடமாட்டார்கள். பிக்கிள் ஆன தோலைப் பச்சைத் தண்ணீரில் அலசவும் கூடாது, அப்போதும் உப்பிவிடும். இதெல்லாம் அப்பாவின் கைக்குத் தெரிந்தது, அளவுக் கணக்கை மட்டும் எப்போதும் சூப்பர்வைசர்கள்தான் சொல்வார்கள். எனக்குப் புத்தகத்தில் தெரிந்தது. வைவாவில் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். இரும்பு டேங்க்குக்கு உப்பு எதற்கு என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் ஊறவைத்தார். மூன்றாம் நாள் நான் வந்தபோது ஆசிட்டைக் கொட்டிவிட்டு டேங்க்கை வெயிலில் கவிழ்த்திருந்தார். உள்ளே பார்க்கச் சொன்னார். வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருந்தது. கழுவினாயா என்று நான் கேட்டிருக்க வேண்டும். சாப்பிட்டுப் படுத்தால் போதும் என்று இருந்தது. நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் மூடியைப் போட்டு ஒரு வாரம் வைத்திருந்து, தெரிந்த பெயின்டரிடம் கறுப்பு அடித்து வாங்கினார். ஆர்சியில் கறுப்பு என்று இருப்பதால் வேறு நிறம் கூடாது.

ஆர்சி புதுப்பிக்க வியாழக்கிழமைக்கு ஆர்டிஓ ஆபீசில் நேரம் கிடைத்திருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை என்ஜினைப் பூட்டினோம். மூன்றாம் உதையில் பிடித்தது. அந்தச் சத்தமும் நீலப் புகையும் தெருவில் பரவியபோது எதிர்வீட்டுக்காரர் வந்து, கொசு மருந்து அடிக்கிற வண்டியா என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா சிரித்தார். டேங்க்கை நிரப்பி வைத்தார்.

மறுநாள் ஞாயிறு, எனக்கு அரை நாள் ஷிஃப்ட். மத்தியானம் தெருவில் திரும்பும்போதே பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. அப்பா வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஸ்போக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். டேனரி அவருடைய மூக்கை என்றைக்கோ எடுத்துக்கொண்டது. சாம்பார் பொங்கி அடிபிடித்தால்கூடத் தெரியாது. வாயில் பீடி இல்லையே என்றுதான் முதலில் பார்த்தேன். டேங்க்கின் அடி ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கொப்புளத்தின் நுனியில் வியர்வை போல் பெட்ரோல். விரலால் தடவினேன். பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. கீழே ஊசி குத்தியது போல ஓட்டைகள். பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

பெட்ரோலை வடித்துவிட்டு டேங்க்கைக் கழற்றி, இரண்டு பேருமாக பாய் கடைக்கு நடந்தோம். பாய் மூடியைத் திறந்தார். மூடியின் அடியில் வெள்ளையாகப் பொரிந்திருந்ததை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்து, உடனே துப்பினார்.

"இன்னாப்பா இது, உப்பு கரிக்குது? டேங்க்குல ஊறுகா போட்டீங்களா?"

எனக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. உப்பு, அலசாமல் விட்டது, மூடிவைத்த ஒரு வாரத்தில் அது இரும்பை அரித்தது. போனில் நான் சொன்ன எட்டு.

பாய் என்னைத்தான் பார்த்தார். "தம்பி, நீ படிச்ச ஆளு. பக்கத்துல இருந்தும் பாக்கலியா?"

நான் வாயைத் திறக்குமுன் அப்பா பேசினார். "அவனுக்கு இன்னா தெரியும் பாய். அவன் கம்பெனில இருந்தான். நாந்தான் டேனரி பழக்கத்துல போட்டுட்டேன். படிக்காத வேலை."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. நான் டேங்க்கின் ஓட்டைகளை எண்ணுவது மாதிரிக் குனிந்துகொண்டேன். எண்ணவில்லை.

வேறு பழைய டேங்க் வேலூரில் தேடலாம், ஆனால் வியாழனுக்குள் கிடைத்து, நிறம் மாற்றிக் காய்வது நடக்காது என்றார் பாய். கடைசியில் டேங்க்குக்குள் ஆசிட்டை முறிக்கும் சோடா உப்பு கரைத்து ஊற்றிப் பலமுறை அலசினோம். நாக்கில் வைத்தால் கரிக்காத வரைக்கும். திங்களும் செவ்வாயும் சூப்பர்வைசர் ஓவர்டைம் கேட்டதற்கு மாட்டேன் என்றேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாய்க்குத் தெரிந்த வெல்டர் ஒருவர் டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, ஓட்டையுள்ள ஓரம் மட்டும் காய்ந்திருக்கும்படி சாய்த்துவைத்து, பித்தளையால் ஒவ்வொன்றாக அடைத்தார். ஒன்றை அடைத்தால் சூட்டில் பக்கத்தில் இன்னொன்று திறந்தது. புதன் மாலை கறுப்பை பிரஷ்ஷால் நானே பூசினேன். மேடும் பள்ளமுமாக, ஆறின புண் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை இருவரும் லீவு. ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். பிரேக் இன்ஸ்பெக்டர் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் எங்களிடம் வந்தார். சேஸிஸ் எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருந்ததை ஆர்சியோடு ஒத்துப் பார்த்தார். லைட், ஹாரன். மைதானத்தை ஒரு சுற்று ஓட்டிவந்து பிரேக் பிடிக்கச் சொன்னார். அப்பா முதல் உதையிலேயே கிளப்பினார். திரும்பி வந்து நிறுத்தியதும் இன்ஸ்பெக்டர் குனிந்து டேங்க்கின் அடியைத் தடவினார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார். அப்பாவின் கை கிளட்ச்சை விடவே இல்லை.

"ஒழுகலல்ல?"

"இல்ல சார்" என்றார் அப்பா. நான் பின்னாலிருந்து தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

வரும்போது அப்பா ஓட்டினார், நான் பின்னால். ரயில்வே கேட் போட்டிருந்தது. என்ஜினை அணைத்தார். முகம் தெரியாததால் எனக்குப் பேச்சு வந்தது.

"பாய் கடைல ஏன் அப்படி சொன்ன? கணக்கு நாந்தான சொன்னேன்."

கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"கணக்கு சரிதான்டா. தோலா இருந்தா நல்லா வந்திருக்கும்" என்றார்.

அவர் கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. பிறகு அவரே, "அங்க எத்தினி கம்பெனி ஆளுங்க வந்து போறானுங்க. டிப்ளமோ படிச்சவனுக்கு உப்பு தெரியலன்னு ஒருத்தன் வெளிய சொன்னா போதும். எனக்கு இன்னா, டிரம் சுத்தறவன்" என்றார். கேட் தூக்கினார்கள். உதைத்தார்.

ஓசூருக்குப் போவதாகச் சொன்னவர் சொன்னபடி போய்விட்டார். திங்கட்கிழமை ஐந்தே காலுக்கு பின்பக்கம் உதைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு. மூன்றில் பிடித்தது. புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், உடம்பு எழவில்லை. சாயங்காலம் வந்தபோது, கேட்டில் ஐந்து நாற்பதுக்கே நின்றதாகவும் வாட்ச்மேனே இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். இன்றுவரை லேட் ஆனதில்லை.

அந்த எட்டைச் சொன்னது நான்தான் என்று பாயிடம் இன்னும் சொல்லவில்லை. செயின், கேபிள் என்று இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் கடையில் வேறு கம்பெனி ஆட்கள் இருந்தார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போகலாம் என்றால், எனக்கு லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கடையில் கூட்டம் குறைவதே இல்லை. போன முறை புறப்படும்போது பாய், "அப்பாவ ஆசிட் பக்கம் விடாத தம்பி" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.