தடியனின் தாடையில் பரு

ஊரார் முகத்துப் பருவையெல்லாம் ஒரு கை பார்த்தவள். அழகு நிலையம் வைத்திருப்பதால் தெரு முழுக்க அவளுக்குப் 'பார்லர் அக்கா' என்றே பெயர். கைராசிக்காரி என்று பெண்கள் தேடி வருவார்கள். அந்தக் கைராசிதான் அவளைக் கெடுத்தது.

வீட்டு நாய் தடியன், பாக்ஸர் இனம், ஒரு வயதுகூட நிரம்பாத விடலை. அதன் தாடையில் சிவப்பாகச் சின்னச் சின்னக் கட்டிகள் கிளம்பியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்னடா, உனக்கும் வயசுக் கோளாறா?" என்று கொஞ்சிக்கொண்டே, கடையில் பரு எடுக்கும் கருவியைக் கொண்டுவந்து பிதுக்கினாள். வாடிக்கைக்காரர்களுக்குத் தடவும் க்ரீமையும் தடவினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தாடை வீங்கிச் சீழ் வைத்தது. அன்று காலை மகள் ஆசையாக அதன் வாயைத் தொடப் போனாள். தடியன் பல்லைக் காட்டி உறுமியது. கடிக்கவில்லைதான், ஆனாலும் கணவர் ஆடிப்போய்விட்டார்.

"சொறி பிடிச்சது போதாதுன்னு இப்ப புள்ளை மேலயே பாயுது. சாயங்காலம் தம்பி வண்டியோட வருவான். அவன் குடோன்ல கிடக்கட்டும்."

"ஏங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே..."

"காட்டு. நானும் வரேன். ஆனா என் முடிவு மாறாது."

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தடியனின் தாடைத் தோலை லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார்.

"சொறிப்பூச்சி இல்ல. வெறும் பரு. குழந்தைக்கு ஒட்டாது. குட்டை முடி நாய்ங்களுக்கு இந்த வயசுல வரும். சாப்பாடு எதுல வைக்கிறீங்க?"

"பிளாஸ்டிக் கிண்ணத்துல."

"அது தாடையில உரசும், அழுக்கும் தங்கும். ஸ்டீலுக்கு மாத்தி தினமும் கழுவுங்க."

கணவர் விடுவதாக இல்லை. "பருன்னா புள்ளையைப் பாத்து ஏன் உறுமுது? குணமே கெட்டுப்போச்சு டாக்டர். இது வேண்டாம்."

டாக்டரம்மா தாடைப் பக்கம் கையைக் கொண்டுபோனதும் தடியன் நடுங்கிப் பின்வாங்கியது. "குணம் இல்லங்க, வலி. தானா இவ்வளவு ரணமாகாது. யாராவது பிதுக்கினீங்களா?"

பார்லர் அக்கா கணவரைப் பார்த்தாள், தடியனைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் தடியன் போய்விடும்.

"நான்தான்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான்தான் பிதுக்கினேன். க்ரீமும் போட்டேன்."

"பிதுக்கினா உள்ளுக்குள்ளயே உடைஞ்சு சீழ் பிடிக்கும். மனுஷங்க க்ரீம் ஆகவே ஆகாது. இந்த மருந்துத் தண்ணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க. ஆறுற வரைக்கும் குழந்தை தொட வேண்டாம்."

கணவர் அவளை முறைத்தார். வெளியே வந்து போனை எடுத்தார். "தம்பி, வண்டி வேண்டாம்டா." அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

சாயங்காலம் பஞ்சை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வாடா தங்கம்." அவள் கையைப் பார்த்ததும் தடியன் வாலை ஒடுக்கிக்கொண்டு போய் ஒளிந்தது, காலையில் அதை விரட்டத் துடித்த கணவரின் கால்களுக்குப் பின்னால்.

"இங்க குடு," என்று அவர் பஞ்சை வாங்கினார். தடியன் கண்ணை மூடித் தாடையைக் கொடுத்தது.

கைராசிக்காரி மருந்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.