மூணாவது டிரம்

மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் மொட்டைமாடியில், பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்கிற எங்கள் ஹாம் ரேடியோ குழுவுக்காக ரிப்பீட்டர் வைக்கப் போயிருந்தேன். வாக்கி டாக்கியில் பேசுவதை வாங்கி, இணையம் வழியாக வெளிநாடு வரைக்கும் அனுப்புகிற பெட்டி அது. ஆன் செய்ததும் ஓயாத கரகரப்பு. அது எங்களோடு நிற்காமல், இணைப்பிலிருந்த எல்லா ஊருக்கும் போனது. "சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் உங்களைத் துண்டித்துவிடுவோம்" என்று இணைப்பை நடத்துகிறவர்களிடமிருந்து செய்தி வந்துவிட்டது. நான் மூன்று மணி நேரம் மென்பொருளோடு மாரடித்தேன்.

தோல் ஊறும் டிரம்களைப் பார்த்துக்கொள்கிற பாய், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே வந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தோல் பதனிடுகிற குரோம் உப்பு ஏறி நீலமான நகங்கள். டிரம் சுற்றும்போது அதைத் தாங்கும் தூணில் காதை வைத்து, சரியாக ஓடுகிறதா என்று கேட்பார்; காலையிலேயே கவனித்திருந்தேன். இப்போது என் ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"இன்னா சார், இது நம்ம மூணாவது டிரம்மு. பாருங்க, இப்ப நின்னு மறுபக்கம் சுத்தும்."

கரகரப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது.

அந்த டிரம்மின் மோட்டார் லைனிலிருந்துதான் பெட்டிக்குக் கரண்ட் எடுத்திருந்தேன். ஆபீஸ் லைனுக்கு மாற்றியதும் அமைதி. பிறகு சிங்கப்பூரிலிருந்து ஒரு குரல்: "வணக்கம், இப்ப தெளிவா கேக்குது." கருவிகளையெல்லாம் பையில் எடுத்துவைத்தேன்.

பாய் குனிந்து பெட்டியின்மேல் காதை வைத்தார்.

"நல்லா ஓடுது சார்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குள் ஓடுவதற்கு ஒன்றுமே இல்லை, ஒரு சின்ன விசிறிகூட. ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் பையை மூட எனக்கு மனசு வந்தது.